ஒரு தப்புக்கு ஒரு பாடவேளை

அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது தெரியாமல் இருப்பது விதிப்படி முடியாத காரியம். எட்டாம் வகுப்பு ஆண்டுத் திட்டத்தில் பின்னம் இருந்தது. திட்டப் பலகையில் அதற்கான கட்டத்தின் மேல், முடிந்தது என்று பச்சைக் காகிதம் ஒட்டியாகிவிட்டது. ஆகவே ஒன்பதாம் வகுப்புக்கு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்னம் தெரியும். யாருக்காவது தெரியவில்லை என்றால் கோளாறு அந்தப் பிள்ளையிடம்தான் இருக்க வேண்டும், பச்சைக் காகிதத்தில் இருக்க முடியாது.

இது மண்டையில் ஏறாத ஒரே ஆள் இயற்கணித டீச்சர்.

அவள் வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் முடிந்திருந்தது. அந்த ஒரு வருடமும் திட்டத்தில் இருந்தபடி முதல் நாளே சமன்பாட்டில் இறங்கினாள். பிள்ளைகள் தலையாட்டினார்கள். மழைக்காலம் வந்த பிறகுதான் அவர்களுக்கு மைனஸ் என்றால் என்ன என்றே தெரியாது என்று அவளுக்குத் தெரிந்தது. வருடக் கடைசியில் வகுப்பில் பாதிக்கு மேல் சாலையைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடம் உண்டு. அதன் பெயர்ப் பலகையில் செய்முறைப் பிரிவு என்று இருக்கும். எல்லோரும் எதிர்க்கட்டடம் என்பார்கள். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் தேறாதவர்களை அங்கே அனுப்பி அட்டைப்பெட்டி மடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே கணக்கும் இல்லை, அறிவியலும் இல்லை, திரும்பி வர வழியும் இல்லை. டீச்சரின் வகுப்பு ஜன்னலிலிருந்து அந்த ஜன்னல்கள் தெரியும். போன வருடப் பிள்ளைகள் அங்கிருந்து அவளைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையாட்டினார்கள். திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். கொஞ்ச நாளில் அவள் ஜன்னல் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள்.

விடுமுறையில் புதுப் பிள்ளைகள் புத்தகம் வாங்க வந்தபோது அவள் ஒரு காரியம் செய்தாள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதி, வந்தவர்களை எல்லாம் போடச் சொன்னாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மட்டும் போட்டுவிட்டு நகராமல் நின்றாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்குத் துருவி என்று பெயர் விழுந்திருந்தது.

"டீச்சர், இது சரியா வராதே."

"ஏன்?"

"அரையோட இன்னும் கொஞ்சம் சேர்க்கிறோம். அரையை விடக் கம்மியா வந்திருக்கு. தண்ணி ஊத்த ஊத்தக் குடம் காலியாகுமா?"

"ஆகாது."

"அப்ப தப்பு. ஆனா எங்க தப்புன்னு தெரியலை. யாரும் சொல்லவும் இல்லை." எதிர்க்கட்டடத்தைக் கையால் காட்டினாள். "எங்க அண்ணன் அங்கதான் இருக்கான். பெட்டி நல்லா மடிப்பான். எனக்கு அங்க போக வேண்டாம் டீச்சர்."

"போக மாட்டே," என்றாள் டீச்சர். சொன்ன பிறகுதான், வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

இரண்டே விஷயம் வேண்டியிருந்தது. வருடத் தொடக்கத்தில் பின்னத்துக்குக் கொஞ்ச நாள், மைனஸுக்குக் கொஞ்ச நாள். அந்த இரண்டும் வந்துவிட்டால் இயற்கணிதத்தை இந்தப் பிள்ளைகள் ஊதித் தள்ளிவிடுவார்கள்.

கேட்க வேண்டிய இடம் ஆண்டுத் திட்ட மையம்.

மையத்தின் பெரிய கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கட்டம் போட்ட பலகை இருந்தது. அதுதான் வருடம். ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு கட்டம். பலகைக்கு அடியில் தரைவிரிப்பு. அதன் மேல் செருப்போடு ஏறக் கூடாது. கூட்டம் தொடங்குமுன் எல்லா ஆசிரியர்களும் எழுந்து நின்று காலிப் பலகையைப் பார்த்து மௌனமாக இருக்க வேண்டும். நடக்கப்போகும் வருடத்துக்கு மரியாதை.

மையத்தின் அதிகாரிக்கு நல்ல பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆசிரியர்கள் அவரைக் கட்டம் என்றுதான் சொல்வார்கள். நேரில் மட்டும் சார்.

"சார், முதல் வாரங்கள்ல பின்னமும் மைனஸும் எடுக்கணும்," என்றாள் டீச்சர்.

"பின்னம் போன வருஷமே முடிஞ்சாச்சே."

"முடிஞ்சது சார். பிள்ளைகளுக்கு வரலை."

"வரலைங்கிறது எந்தக் கட்டத்துல இருக்கு?"

"கட்டத்துல இல்லை சார். பிள்ளைகள்கிட்ட இருக்கு."

கூடத்தில் யாரோ இருமினார்கள். கட்டம் சிரித்தார். சின்னக் குழந்தை செருப்பை மாற்றிப் போட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"அம்மா, இந்த மையம் தொடங்கி இத்தனை காலத்தில் ஒரு பாடம்கூட முடியாமல் போனதில்லை. வெள்ளம் வந்து பள்ளி மூடியிருந்த மாதத்திலும் எல்லாப் பாடமும் உரிய கட்டத்தில் முடிந்தது. பிள்ளைகள் இல்லாமலே முடித்துக் காட்டினோம். அதுதான் திட்டத்தின் வலிமை. பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். சிலருக்குப் புரியும், சிலருக்குக் காய்ச்சல் வரும். அவர்களை நம்பி ஒரு வருடத்தைத் திட்டமிட முடியுமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கைதட்டினார். டீச்சரும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தன் கைகளையே வெறுப்போடு பார்த்தாள்.

ஓய்வறையில் இயற்பியல் ஆசிரியர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெறப் போகிறவர். எல்லோருக்கும் அவர் சித்தப்பா.

"நேர் வழியில போய் முட்டிக்கிட்டியேம்மா. தெரியலைன்னா அவங்க ஒரு நிமிஷம்கூடத் தர மாட்டாங்க. தப்புக்குத் தருவாங்க."

"எந்தத் தப்புக்கு சித்தப்பா?"

"திட்டத்துல கடைசி வரிசை என்ன? எதிர்பார்க்கும் பிழை. பிள்ளைகள் என்ன தப்புப் பண்ணுவாங்கன்னு முன்கூட்டியே எழுதணும். ஒரு தப்புக்கு அதைத் திருத்த ஒரு பாடவேளை. நவீன முறை. நம்ம ஆளுங்க சோம்பேறித்தனமா அதைக் காலியா விட்டுடுவாங்க. நீ நிரப்பு."

"எவ்வளவு நிரப்பலாம்?"

"உன் பிள்ளைகள் எவ்வளவு பண்ணுவாங்களோ அவ்வளவு."

"பலகை பத்தாது," என்றாள் டீச்சர். பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும்தான். அக்கா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப நல்லா படிக்கிற வகுப்புக்கு நேரமே கிடைக்காது?"

"கிடைக்காது."

"தப்பு பண்ணப் போறேன்னு சொன்னா கிடைக்கும்."

"ஆமா."

"உங்க மாமா கல்யாணத்துக்கு முன்னாடி இப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கணும்," என்றாள் அக்கா. "நானும் திட்டம் போட்டு வச்சிருப்பேன்." மாமா வீட்டை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்துவிட்டுச் சொன்னாள்: "பார்த்துடி. தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறே. அது யார் கைக்குப் போகுதோ."

டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. பின்னத்தைக் கூட்டுவதில் வரும் பிழைகள், அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால் வரும் பிழைகள், சமக்குறியைத் தாண்டும்போது வரும் பிழைகள் எல்லாம் எழுதினாள். மையம் மகிழ்ந்தது. இத்தனை பிழையை முன்கூட்டியே கண்ட ஆசிரியர் இதுவரை இல்லையாம். கேட்ட நேரத்துக்கு மேலேயே கொடுத்தார்கள். சுவர்ப் பலகையில் அவள் வரிசை முழுக்கச் சிவப்புக் காகிதம் ஒட்டப்பட்டது.

பள்ளி திறந்தது. டீச்சர் ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் ஆறு துண்டு போட்ட காகிதத்தில் வைத்துக் காட்டினாள். மைனஸைப் படிக்கட்டில் இறங்கி ஏறிக் காட்டினாள். அடைப்புக்குறியின் வாசலில் நிற்கும் மைனஸ் உள்ளே இருக்கும் எல்லோரையும் திருப்பிப் போடும், முதல் ஆளை மட்டும் திருப்பிவிட்டு ஓடிவிடாது என்று சொன்னபோது பின்பெஞ்சில் ஒரு பையன் "எங்க அத்தை மாதிரி" என்றான். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அதை யாரும் மறக்கவில்லை.

அந்த வாரம்தான் கட்டம் வந்தார். கூட ஒரு பார்வையாளர், கழுத்தில் தொங்கும் அட்டை, உட்காரத் தனி நாற்காலி.

"இன்னைக்குப் பின்னம் கூட்டும் பிழை," என்றார் கட்டம். "நடக்கட்டும்."

டீச்சருக்குப் புரியவில்லை. அரையும் மூன்றில் ஒன்றும் என்று எழுதினாள். துருவி எழுந்து போய் ஆறில் ஐந்து என்று போட்டாள். கட்டம் அடுத்த பையனைக் கூப்பிட்டார். அவனும் ஆறில் ஐந்து. அடுத்தவளும். கட்டத்தின் முகம் வெளுத்துப்போயிற்று.

"பிழை எங்கே?"

"வரலை சார். கத்துக்கிட்டாங்க."

"அம்மா, நீங்கள் பிழைக்காகப் பாடவேளை வாங்கியிருக்கிறீர்கள். வாங்கியாயிற்று, செலவும் பண்ணியாயிற்று. பிழையைக் காணோம். இதற்கு என்ன பெயர் தெரியுமா?"

"படிப்பு," என்று பின்பெஞ்சில் யாரோ முணுமுணுத்தார்கள். நல்லவேளை, பார்வையாளர் பிழையை மட்டும்தான் கேட்க வந்திருந்தார்.

கட்டம் குரலைத் தாழ்த்தினார். "நான் கொடுமைக்காரன் இல்லை. பிள்ளைகள் சரியாகச் செய்வதில் எனக்கும் சந்தோஷம்தான், தனிப்பட்ட முறையில். ஆனால் ஒரு பிழை வராவிட்டால் திட்டம் தவறு என்று ஆகும். திட்டம் தவறு என்றால் மையம் தவறு. மையமே தவறு என்றால் இந்த நாட்டுப் பிள்ளைகளின் கதி என்ன? அடுத்த முறையும் பிழை வரவில்லை என்றால் மீதிப் பாடவேளை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வேன். நீங்கள் பழைய திட்டத்துக்கே போய்விடலாம்."

பழைய திட்டம் என்றால் எதிர்க்கட்டடம். டீச்சர் கையிலிருந்த சுண்ணக்கட்டி இரண்டாக ஒடிந்தது. அடுத்த நாள் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"அவர் வர்ற அன்னைக்கு மட்டும் தப்பா போடணும். என்ன தப்புன்னு நான் சொல்றேன்."

"ஏன் டீச்சர் தப்பா போடணும்?" என்றாள் துருவி.

"சரியா கத்துக்க நேரம் வேணும். அந்த நேரத்தை அவங்க தப்புக்குத்தான் கொடுக்கிறாங்க."

"இது பைத்தியக்காரத்தனமா இல்லை?"

"இருக்கு."

"எங்க பேர்ல தப்பு ஏறாதா?"

"வருஷக் கடைசிப் பரீட்சைதான் கணக்கு. அதுல சரியா போடு. மத்ததெல்லாம் நாடகம்."

துருவி நோட்டை மூடினாள். "நீங்க சொல்றீங்கன்னா சரி டீச்சர்."

தப்பு செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை என்பது ஒத்திகையில் தெரிந்தது. திட்டத்தில் இருக்கும் தப்பு மட்டும் வர வேண்டும். வேறு தப்பு வந்தால் அது தப்பான தப்பு. பின்பெஞ்சுப் பையன் ஒருமுறை, கட்டம் வந்திருந்த அன்று, மைனஸை விடச் சொன்ன இடத்தில் அடைப்புக்குறியையே விட்டுவிட்டான். அங்கீகாரம் இல்லாத பிழை செய்ததாக அவனுக்கு மையத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அதனால் பிள்ளைகள் ஒவ்வொருவரும் முதலில் சரியான விடையைக் கண்டுபிடித்து, எந்தப் படியில் கால் வழுக்கலாம் என்று பார்த்து, அந்தப் படியில் மட்டும் வழுக்கி, மற்ற படிகளில் கச்சிதமாக நடந்து போய்த் தப்பான விடையில் நின்றார்கள். இயற்கணிதத்தை உள்ளங்கையில் வைத்திருப்பவர்களால் மட்டுமே அப்படி வழுக்க முடியும். அவள் வகுப்பில் எல்லோராலும் முடிந்தது.

துருவியின் தப்புகளோ தனி ரகம். மைனஸை மறக்குமுன் ஒரு நொடி தயங்குவாள். உதட்டைக் கடிப்பாள். சுண்ணக்கட்டி மைனஸ் பக்கம் போய்த் திரும்பி வரும். (a + b)-யின் வர்க்கத்தை விரிக்கும்போது நடுவில் வர வேண்டிய 2ab-யை அவள் விட்டுவிட்டு வந்த விதத்தில் கட்டம் நெகிழ்ந்துபோனார்.

"என்ன அழகான பிழை. இல்லாத இடமே தெரியவில்லை," என்றார்.

"இது நூத்துக்கு நூறு தப்பு சார்," என்றாள் துருவி பவ்வியமாக.

ஒவ்வொரு தப்பும் பெயர் போட்டுப் பதிவாயிற்று. டீச்சர் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டாள். கிடைத்த நேரத்தில் இருபடிச் சமன்பாடு வரை போய்விட்டார்கள். டீச்சர் மறுபடியும் ஜன்னல் பக்கம் போக ஆரம்பித்தாள்.

பரீட்சைக்கு முந்திய வாரம் மையத்தின் கூடத்தில் பாராட்டுக் கூட்டம். திட்டத்தை இம்மியும் பிசகாமல் நிறைவேற்றிய முதல் வகுப்புக்குக் கேடயம். பிள்ளைகள் சீருடையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கட்டம் பேசினார்.

"ஒரு வருடம் முழுவதும் எதிர்பார்த்த ஒவ்வொரு பிழையும் எதிர்பார்த்த நாளில், எதிர்பார்த்த வடிவத்தில் நடந்தது. இதைவிடக் கல்விக்கு என்ன வேண்டும்? இந்த வெற்றியை முன்னிட்டு மையம் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. ஆண்டுத் தேர்வு என்பது நிச்சயமில்லாத ஒன்று. பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு நம் திட்டத்தில் இடம் எதற்கு? அதை நீக்கியாயிற்று. ஆண்டு முழுவதும் பதிவான வேலையே மதிப்பெண். மதிப்பெண் ஏற்கனவே போட்டாயிற்று. பிள்ளைகள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்."

கைதட்டல் அடங்குமுன் தலைமையாசிரியர் எதிர்க்கட்டடத்துக்குப் போக வேண்டியவர்களை வாசித்தார். பதிவான வேலை எல்லாம் தப்பு. முழு வகுப்பும் போக வேண்டும். முதலில் துருவி. பதிவில் அவள் தப்புதான் அதிகம்.

டீச்சர் எழுந்தாள். தரைவிரிப்பில் செருப்போடு ஏறி நின்றாள்.

"அது நடிப்பு சார். உங்களுக்கே தெரியும். தப்பு வரலைன்னா நேரத்தைப் பிடுங்கிடுவேன்னு நீங்கதான் சொன்னீங்க. இந்தப் பொண்ணைக் கூப்பிட்டு இப்பவே ஒரு கணக்குக் கொடுங்க. ஒண்ணே ஒண்ணு."

கட்டம் அவள் செருப்பைப் பார்த்தார். "இது பாராட்டுக் கட்டம் அம்மா. இதில் கணக்கு இல்லை."

"ஒரு நிமிஷம் போதும்."

"எந்த நிமிஷம்? எல்லா நிமிஷமும் ஒதுக்கியாயிற்று." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "பிள்ளைகள் தப்புச் செய்வார்கள் என்று சொன்னது நீங்கள். கையெழுத்து உங்களுடையது. நான் உங்களை நம்பினேன். இப்போது அதெல்லாம் பொய் என்றால் கேடயத்தைத் திருப்பி வாங்க வேண்டும். கேடயத்தைத் திருப்பி வாங்க எங்களிடம் விதி இல்லை. ஆகவே அது பொய்யாக இருக்க முடியாது."

"பிள்ளைகளோட வாழ்க்கை சார்."

"எதிர்க்கட்டடத்திலும் வாழ்கிறார்கள்," என்றார் கட்டம்.

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். சித்தப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். டீச்சர் கேடயத்தை எடுத்துக் கட்டத்தின் வருடப் பலகை மீது வீசினாள். சிவப்புக் காகிதங்கள் கொஞ்சம் உதிர்ந்தன. அவற்றைத் திரும்ப ஒட்ட உடனே இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். அதற்கு ஏற்பாடு இருந்தது.

துருவி அழவில்லை. வாசலில் டீச்சரைக் கடந்து போகும்போது மட்டும் நின்றாள்.

"கடைசிப் பரீட்சைதான் கணக்குன்னு சொன்னீங்க."

துருவி வாழ்க்கையில் முதன்முறையாக மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

டீச்சருக்கு இடமாற்றம் வந்தது. எதிர்க்கட்டடத்தில் பெட்டி மடிப்பு மேற்பார்வை. தலைமையாசிரியர் பரிதாபப்பட்டார்.

"மன்னிப்பு எழுதிக் கொடுத்துடுங்கம்மா. அங்க போய் என்ன பண்ணுவீங்க? அந்தக் கட்டடத்துக்குத் திட்டமே கிடையாது. மையத்திலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்ததில்லை."

"ஒரு ஆள்கூடவா?"

"ஒரு ஆள்கூட."

"அப்ப இன்னைக்கே போறேன்," என்றாள் டீச்சர்.

நீளமான கூடம். பசையின் வாடை. மேசைகளின் இரண்டு பக்கமும் பிள்ளைகள் நின்று மடித்துக்கொண்டிருந்தார்கள். போன வருடத்தவர்கள் வேகமாக, இந்த வருடத்தவர்கள் மெதுவாக. அவளைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். கடைசி மேசையில் துருவி தலை நிமிரவில்லை. பக்கத்தில் அவளைப் போலவே மூக்குள்ள ஒரு பையன் அவளுக்கு விளிம்பு மடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தால் கூடவே கத்தலும் வந்துவிடும் என்று தோன்றியது. அந்தக் கத்தலை வாங்க வேண்டியவர்கள் இங்கே இல்லை. மடிக்காத அட்டை ஒன்றை எடுத்து, துருவிக்கு எதிரே மேசையில் போட்டுக்கொண்டாள். பையில் கிடந்த சுண்ணக்கட்டியால் எழுதினாள்.

5 − 2(x − 3) = 1

மேசையைச் சுற்றி மடிப்பு நின்றது. துருவியின் கைகள் மட்டும் நிற்கவில்லை. டீச்சர் அடுத்த வரிக்குப் போனாள். கட்டத்தின் முகமும் உதிர்ந்த சிவப்புக் காகிதங்களும் கண்ணில் நின்றன. எழுதுவது கண்ணில் படவில்லை.

5 − 2x − 6 = 1

அதற்கு அடுத்த வரியையும் எழுதப் போனாள்.

"டீச்சர்," என்றாள் துருவி, அட்டையைப் பார்க்காத மாதிரியே. "வாசல்ல நிக்கிற மைனஸ் ரெண்டு பேரையும் திருப்பணும். அது கூட்டல் ஆறு."

டீச்சர் அட்டையைப் பார்த்தாள். துருவி சொன்னது சரிதான். தன் கையிலிருந்து அப்படி ஒரு தப்பை அவள் எதிர்பார்க்கவில்லை. டீச்சர் செய்யும் தப்பு எந்தக் கட்டத்திலும் இல்லை. அதற்கு யாரும் பாடவேளை ஒதுக்கியிருக்கவில்லை.

"நடிக்கலையே?" என்றாள் துருவி.

"இல்லை," என்றாள் டீச்சர். "நிஜமாவே தப்பா போட்டுட்டேன்."

துருவி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். சுண்ணக்கட்டியை வாங்கி, அந்த மைனஸின் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கூட்டலாக்கினாள். பிறகு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயும் வா. அடுத்த வரியை நீ போடு."